மீன் படாத பறி

எங்கள் பக்கத்தில் ஆம்பிளைக்கு வீடு கிடையாது. பிறப்பது தாயின் வீட்டில். கலியாணம் முடிந்தால் போய் இருப்பது பெண்டாட்டியின் வீட்டில். வீடு, வளவு, வட்டையில் கிடக்கும் வயல் எல்லாம் பெண்பிள்ளைகள் பேரில்தான் எழுதப்படும். பெண்டாட்டி இருக்கும்வரை இதில் ஒரு குறையும் தெரியாது. என் மனைவியின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்தார்களே, அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுவரில் சாய்த்தார்கள். அடுத்துப் பிடுங்கப்படுவது நான்தான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. வீட்டில் மாமியும் மச்சாளும் நானும். மச்சாள் என்றால் என் மனைவியின் தங்கை. அவளுக்கு ஊருக்குத் தலைமைக்காரரான விதானையாரின் அக்கா மகனைப் பேசி முடித்தாயிற்று; வேளாண்மை வெட்டி நெல் வீடு வந்ததும் மாப்பிள்ளை அதே வீட்டுக்கு வந்துவிடுவான். புதுமாப்பிள்ளை வருகிற வீட்டில், பெண்டாட்டியை இழந்த ஒருவன் மூலையில் பாய் விரித்துக் கிடப்பது முறையல்ல. தங்கையையே எனக்குக் கட்டிவைத்தால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. அவள் மனசு அந்த மாப்பிள்ளையிடம் போய்விட்டிருந்தது. எனக்கோ அந்த எண்ணம் மருந்துக்கும் இல்லை. என் தாயின் வீடு இப்போது அக்காவின் வீடு. அங்கே பிள்ளைகளுக்கே படுக்க இடம் போதாது. அத்தான் என்னைக் கண்டால் வாய் நிறையச் சிரிப்பார். நான் பாயைக் கையில் எடுத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

ஆக, வேளாண்மை வெட்டுக்குள் எனக்கு ஒரு கூரை வேண்டும். வயல் வேலைக்குக் கூலியாகப் போகலாம்தான். ஆனால் கூலிக்காரனுக்கும் பொழுது பட்டால் போக ஓர் இடம் இருக்கிறதே!

துறையில் தோணி விடுகிறவர்தான் அந்தச் செய்தியைச் சொன்னார். எங்கள் ஊர் வாவியின் மேற்கே, படுவான்கரையில். பட்டணத்துக்குப் போகிறவன் அவருடைய தோணியில் ஏறியே ஆகவேண்டும். ஏறுகிறவன் வாயிலிருந்து விழுவதெல்லாம் அவன் இறங்குமுன் அவர் வாய்க்குப் போய்விடும். ஜேர்மன்காரனோடு வெள்ளைக்காரனுக்கு யுத்தம் தொடங்கியிருந்த காலம் அது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஆம்பிளை வாட்டுக்கு ஓர் அற்றண்டன் வேண்டுமாம். நோயாளியைத் தூக்க வேண்டும், துடைக்க வேண்டும், மலச்சட்டி எடுக்க வேண்டும். "சீ, அதெல்லாம் ஒரு வேலையா?" என்று சொல்லிவிட்டு, "இரிக்க ஒரு அறயும் குடுக்காங்களாம்" என்றார். எனக்கு அறை மட்டும்தான் கேட்டது.

அந்த வேலை எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் எனக்குத் தெரியும் என்பது ஊரில் ஒரு குஞ்சுக்கும் தெரியாது. தெரியாமல் இருக்கும்படி நானே அவ்வளவு பாடுபட்டிருந்தேன்.

எங்கள் முதல் பிள்ளை செத்துப் பிறந்தது. அதோடு என் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. மூன்று மாரி அவள் பாயில் கிடந்தாள். ஆரம்பத்தில் மாமிதான் பார்த்தார். மாமிக்குக் கை நடுக்கம். பெற்ற மகளை அந்தக் கோலத்தில் கண்டால் நடுக்கம் உடம்பு முழுக்க ஏறும். ஒருநாள் சுடுதண்ணீர்ச் சட்டியோடு வாசற்படியில் விழுந்தார். மச்சாள் அப்போது சின்னப்பெண். வேறு யார் இருக்கிறார்கள்? நான் பார்த்தேன். அள்ளினேன், கழுவினேன், புரட்டிப் படுக்கவைத்தேன், தலைக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்தேன்.

ஊருக்கு மாமிதான் பார்க்கிறார் என்று சொல்லப்பட்டது. புருசன் பெண்டாட்டியின் மலத்துணியைக் கசக்குவது எங்கள் ஊரில் கேள்விப்படாத விசயம். வெளியே தெரிந்தால் என் மீசைக்கு இழுக்கு என்பது ஒருபக்கம் இருக்கட்டும். பெற்ற தாய் இருக்க மருமகனைக் கழுவவிட்ட வீடு என்று பேர் வந்தால் மச்சாளுக்கு எந்த மாப்பிள்ளை வருவான்? சலவைக்குப் போட்டால் அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே விடியற்காலையில் துணிகளை மீன் போட்டுவரும் கூடையான பறிக்குள் அடைத்து, அதன் வாயை ஓலையால் மூடி, தோளில் ஒரு கைவலையையும் சாத்திக்கொண்டு, மீன் பிடிக்கப் போகிறவன் மாதிரி வாவிக்குப் போவேன். தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கும் கண்ணாப் பற்றைகளின் மறைவில் நின்று கசக்குவேன். கொண்டுவந்து கிணற்றுத் தண்ணீரில் அலசி மாட்டுக்கொட்டிலுக்குள் காயப்போடுவேன்.

திரும்பி வரும்போது எதிரில் வருகிறவர்கள் சும்மா விடுவார்களா? "என்ன, மீன் பட்டதா?" "இல்ல." "இண்டைக்குமா?" "இண்டைக்கும் இல்ல." மூன்று மாரி இதே பேச்சு. மீன் துள்ளிக் கரையில் விழுகிற வாவியில் ஒரு மீன் பிடிக்கத் தெரியாதவன் என்று பேர் எடுத்தேன். அவளைப் பார்ப்பதற்காக வயலைக் குத்தகைக்கு விட்டிருந்தேன். அதையும் சேர்த்து, பெண்டாட்டி பாயில் கிடக்க மாமி கையால் தின்றுவிட்டு வலையோடு ஊர் சுற்றுகிறவன் என்று முடிவுகட்டினார்கள். அவளுக்கு மட்டும் இது பெரிய பகிடி. "இஞ்சாருங்க, இண்டைக்கு என்ன பட்டது?" என்று பாயில் கிடந்தபடி கேட்பாள். "சுறா" என்பேன். இருமல் வரும்வரை சிரிப்பாள்.

பட்டணத்தில் அரசாங்கக் கச்சேரிக்கு முன்னால், மரத்தடியில் மேசை போட்டு, பெற்றிசம் என்று மனு எழுதுகிற ஒருவர் இருந்தார். அவரிடம் போனேன். நாங்கள் அரசாங்கத்துக்கு எதை எழுதினாலும் அழுதுதான் எழுதுவோம். வெள்ளத்தில் வயல் போனாலும் அழுகை, பன்றி சுடத் துவக்கு லைசன் கேட்டாலும் அழுகை. தாய் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். தகப்பன்? இல்லை. பெண்டாட்டி? செத்துப்போனாள். "நல்லது" என்றார். எழுத அவருக்கு வசதியாகப் போயிற்று. இங்கிலீசில் எழுதி முடித்துத் தமிழில் சொல்லிக் காட்டினார்: திக்கற்றவனும், நாதியற்றவனும், துரைமார்களின் பாதமே தஞ்சமென்று கிடப்பவனுமாகிய நான். கேட்க எனக்கே என்மேல் பரிதாபம் வந்தது. என் தாய்வழிக் குடியையும், கோயிலில் எங்கள் குடிக்குள்ள முதல் மரியாதையையும் அதில் சேர்க்கச் சொன்னேன். ஒருவன் யார் என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் முதலில் சொல்வது அதைத்தானே.

ஆஸ்பத்திரியில் தாதிமாருக்குத் தலைவியான மேற்றன் பறங்கிக் குடும்பத்துப் பெண். கண்டிப்பானவர், ஆனால் தமிழ் நம்மைப்போலவே பேசுவார். கடிதாசியை நின்றபடியே வாசித்தார்.

"அழவும் செய்றாய், பெருமையும் பேசுறாய். நோயாளியப் பத்தி இதில ஒரு சொல்லும் இல்லயே" என்றார். "உன்ட விதானையாரிட்ட நற்சான்று வாங்கிட்டு வா, பாப்பம்."

விதானையார் மறுக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இங்கிலீசில் எழுதிச் சொல்லிக் காட்டினார்: இவர் குடிப்பதில்லை, சண்டைக்குப் போவதில்லை, அமைதியானவர். அவ்வளவோடு பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வேல எண்டு என்னத்த எழுதச் சொல்றாய்? உனக்கு ஒரு மீன்கூடப் படல்லயே, மனே!" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே எனக்காக எதையாவது எழுதத் தேடினார். என் நாக்கு நுனிவரை வந்தது. பறிக்குள் இருந்தது என்ன என்று ஒரே சொல்லில் சொல்லியிருக்கலாம். ஆனால் முன்னால் இருப்பவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். மச்சாள் பெட்டியில் கூறைக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். வாயை மூடிக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் எனக்குக் கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். செத்துப்போனவள்மேல்கூடக் கோபம் வந்தது.

மேற்றன் அதையும் வாசித்தார். "குடியாதவன், சண்டை பிடியாதவன், அமைதியானவன். செத்தவனுக்கும் இதை எழுதலாமே" என்றார். பக்கத்தில் வாங்குப் பலகையில் இதே வேலைக்கு வந்த வேறு இரண்டு பேர் இருந்தார்கள். கல்லடியிலிருந்து வந்தவன் முன்பு ஒரு தோட்டத்து மருந்துச்சாலையில் வேலைசெய்தவனாம். மற்றவன் அமிர்தகழிக்காரன், அவனுடைய கையில் டாக்குத்தர் ஒருவரே கொடுத்த கடிதம். இருப்பது ஓர் இடம். அது எனக்கு இல்லை என்றுதான் நினைத்தேன். அதை என் முகம் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் மேற்றன் என்னைப் பார்த்துக் குரலைக் குறைத்தார்.

"ஆரையாவது நோயில பாத்திருக்கிறாயா?"

"ஓம், அம்மா."

"அப்ப அத எழுது. என்ன நோய், எவ்வளவு காலம், நீ என்ன செய்தாய், எது பிழைச்சது, எது சரிவந்தது. அழாம எழுது. கண்ணால கண்ட ஒரு ஆளையும் கூட்டிட்டு வா. வெள்ளிக்கிழம முடிவு சொல்லுவன்."

அந்தக் கடிதாசியை நானே தமிழில் எழுதினேன், மத்தியான வெயிலில், மாட்டுக்கொட்டிலுக்குள் இருந்து. துணி காயப்போட்ட கயிறு அப்படியே கிடந்தது. ஒரு சாதாரண வேலை கேட்கும் கடிதாசி. அதை எழுத நான் பட்ட பாட்டை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு வரியும் அவளுடைய உடம்பு. எந்தப் பக்கம் புரட்டினால் நோகும், எந்தப் பக்கம் புரட்டினால் தூங்குவாள், என்னென்ன சாப்பாட்டுக்கு வயிறு கட்டும். இதையெல்லாம் எழுதி இன்னொருவரிடம் நீட்டி, எனக்கு ஓர் அறை தாருங்கள் என்று கேட்பதா? பெண்டாட்டியின் உடம்பைச் சந்தையில் விரித்துவைக்கிறவன் மாதிரி உணர்ந்தேன். கிழித்தேன், திரும்ப எழுதினேன். கடைசியில் "என் மனைவி" என்று வருகிற இடத்திலெல்லாம் "ஒரு நோயாளி" என்று எழுதினேன். அப்படி எழுதியதும் கை கொஞ்சம் ஓடியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்ற ஒரு நோயாளியை மூன்று மாரிகாலம் பார்த்தேன். முதல் மாரியில் பாய் ஈரம் ஊறி நோயாளியின் முதுகடியில் புண் வந்தது. அது என் கவனக்குறைவு. பழைய வேட்டியைக் கிழித்து அடியில் போட்டு, பொழுதுக்குப் பலதடவை புரட்டி, அதை ஆற்றினேன். பிறகு புண் வரவில்லை. நோயாளி கடைசியில் காய்ச்சலில் இறந்தார். அதற்குமேல் எழுத என்னால் முடியவில்லை.

இனி, கண்ணால் கண்ட ஆள். அப்படி இரண்டு பேர்தான் உலகத்தில் உண்டு, மாமியும் மச்சாளும். மச்சாளைக் கேட்க முடியாது. கேட்டால் தன் கலியாணத்தைத் தானே உடைக்கும்படி கேட்டதாகும். மாமியைக் கேட்கவோ வழியே இல்லை. எங்கள் முறையில் மாமி மருமகனோடு பேசுவதில்லை, முகத்துக்கு முன்னால் வருவதும் இல்லை. என் மனைவி இருந்தவரை அவள் மூலமாகப் பேச்சு நடந்தது. அவள் போனபிறகு, மாமி கதவுக்குப் பின்னால் நின்று முற்றத்துக் கோழிக்குச் சொல்லுவார்: "கோழி, சோறு ஆறுது." நான் போய்ச் சாப்பிடுவேன். அப்படி ஒரு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு நானும் கோழிக்குச் சொன்னேன். வேறென்ன செய்ய? முற்றத்தில் குந்திக்கொண்டு, அது மண்ணைக் கிளறுவதைப் பார்த்தபடி சொன்னேன்: "கோழி, ஆஸ்பத்திரியில ஆள் கேக்காங்க. நான் பாத்தத்தக் கண்ட ஆள். வெள்ளிக்கிழம வரணுமாம். வராட்டி எனக்கு வேல இல்ல." கதவுக்குப் பின்னால் அரிசி புடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நின்றது. பதில் வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. சோறு ஆறுகிறது என்ற பேச்சுகூட நின்றுவிட்டது. மச்சாள்தான் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். நான் மாமியிடம் கேட்டது எதை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெற்ற மகளை நான் பார்க்கவில்லை என்று ஒரு தாய் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். யார் சொல்லுவார்? நான் மாமியைக் குறைசொல்லவில்லை. ஆனால் மனசு விட்டுப்போயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் தோணியில் ஏறியபோது, திரும்பி வரும்போது வாவிக்குள் இறங்கிவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்துவந்து போனது. மீன் பிடிக்கத் தெரியாதவன் தவறி விழுந்தான் என்று ஊர் சொல்லியிருக்கும்.

மேற்றன் அறைக்கு வெளியே வாங்கில் இருந்தேன். கல்லடிக்காரன் உள்ளே போய் வந்தான். அமிர்தகழிக்காரன் போய் வந்தான். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். கடிதாசியைக் கொடுத்தேன். தமிழ் எழுத்து வாசிக்க வராததால் மேற்றன் அதைக் கிளாக்கரைக் கொண்டு வாசிக்கச் செய்து கேட்டார்; முழுக்கக் கேட்டார். "இத உண்மையா செய்தவன்தான் இப்படி எழுதுவான்" என்றார். எனக்கு உயிர் வந்தது. "ஆனா நம்புறதுக்கு ஆள் வேணுமே. வாங்கில இருக்கிறவங்களிட்டச் சாட்சி இருக்கு. எங்க உன்ட ஆள்?"

"ஆள் இல்ல, அம்மா" என்றேன்.

வாசலில் யாரோ செருமினார்கள். திரும்பினால், மாமி. வெள்ளைச் சீலையால் தலையை மூடிக்கொண்டு நின்றார். தோணியே ஏறாத மனிசி, தோணியின் அடுத்த நடையில் தனியாக வந்திருக்கிறார். என்னைத் தாண்டி உள்ளே வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மருந்து அலுமாரியைப் பார்த்து நின்றார்.

"அவர் இரிக்கிற எடத்தில நான் கதைக்கிறல்ல" என்று அலுமாரிக்குச் சொன்னார். "எங்கட முற அப்படி. இண்டைக்குக் கதைக்கத்தான் வந்த."

"நீங்க ஆர்?" என்றார் மேற்றன்.

"அந்தப் புள்ளயப் பெத்தவள்." மாமி அலுமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "என்ட மகள நான் பாக்கல்ல, அம்மா. நான்தான் பாத்தன் எண்டு ஊரெல்லாம் சொல்லிரிக்கன். பொய். எனக்கு ஏலாமப் போச்சி. அவர்தான் அள்ளினார், அவர்தான் கழுவினார். என்ட புள்ள சாகக்குள்ளயும் மணக்காமத்தான் செத்தாள்."

மேற்றன் கதிரையைக் காட்டினார், மாமி அதில் இருக்கவில்லை. "நாளைக்கு நீங்க விழுந்தா, இவர்ட கையில உங்கள விடுவீங்களா?" என்று மேற்றன் கேட்டார்.

"விட ஏலா. முற இல்ல" என்றார் மாமி. பிறகு, "முற எண்டு ஒண்டு இல்லாட்டி, அவர்ட கையிலதான் விடுவன்" என்றார்.

கடிதாசியின் அடியில் மாமியின் பெருவிரல் அடையாளம் வைக்கவேண்டும். என்னத்தில் வைக்கிறேன் என்று தெரியவேண்டும் என்றார் மாமி. கிளாக்கர் திரும்ப வாசித்தார். நோயாளி, நோயாளியை, நோயாளிக்கு. மாமி மையில் தோய்த்த விரலைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஆரது நோயாளி? அவளுக்குப் பேர் இல்லயா? தெருவில கிடந்த ஆளா? அவர்ட பொஞ்சாதி எண்டு எழுதச் சொல்லுங்க. என்ட மகள் எண்டு எழுதச் சொல்லுங்க. மறுகா வெக்கிறன் விரல."

மேற்றன் பேனையை என்னிடம் தந்தார். ஒவ்வொரு "நோயாளி"யாக வெட்டினேன். மேலே "என் மனைவி" என்று எழுதினேன். ஓரிடத்தில் அவள் பேரையும் எழுதினேன். முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு அந்தப் பேரை நான் எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை. எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. மாமி விரலை அழுத்தி வைத்தார். வேலை எனக்குத்தான், வேலைக்காரர் அறையில் ஒரு மூலை காலியாக இருக்கிறது, இன்றைக்கே இருந்துகொள்ளலாம் என்று மேற்றன் சொன்னார்.

துறைவரை மாமி முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். தோணி ஆட்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. ஊர்க்காரர் சிலர் ஏறி இருந்தார்கள். தோணிக்குள் என் பறி இருந்தது. மாமி அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். அதற்குள் என் சாரங்களும் சட்டைகளும் கழுவி மடித்து இருந்தன. ஒரு மடிப்பும் நேராக இல்லை. வேலை கிடைக்கும் என்று நம்பிக் கொண்டுவந்தாரா, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நான் திரும்பி வரும் வீடு அது இல்லை என்று கொண்டுவந்தாரா? இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

தோணிக்காரர் பறியை என்னிடம் எடுத்துத் தந்தார். "என்ன, பறி பட்டணத்துக்கும் வந்திட்டு! இஞ்சயாவது மீன் படுமா?" என்றார். தோணியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் வழக்கம்போலச் சிரித்துவைத்தேன்.

"தோணிக்காரத் தம்பி" என்றார் மாமி. சிரிப்பு நின்றது. "அது மீன்பறி இல்ல. மூணு மாரியும் அதில போனது என்ட மகள்ட பீத்துணி. கழுவினது அவர். நான் இல்ல. ஊரில கேக்கிற எல்லாருக்கும் சொல்லுங்க. விதானையார் வீட்டுக்கும் சொல்லுங்க."

அவர் சொல்லுவார் என்று மாமிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பொழுது சாயுமுன் ஊர் முழுக்கப் போயிற்று. மச்சாளின் கலியாணம் அந்த வேளாண்மையோடு நடக்கவில்லை; அடுத்த வேளாண்மைக்குத்தான் நடந்தது. அதுவரை அவள் தாயோடு முகங்கொடுத்துப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். அவளைக் குற்றம் சொல்லமாட்டேன்.

மாமி ஏறியதும் தோணியைத் தள்ளினார்கள். நான் பறியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நாலு பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல் துறையில் நின்று அழுதேன். மாமி படுவான்கரையைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். தோணி வாவியின் நடுவுக்குப் போகும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முறை அப்படி.